“பிறகு” என்று எழுதி வைத்தவருக்காக: நம் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

போன வாரம் நீங்கள் அனுப்பிய கூட்டக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இடரில் சிக்கும் கலைஞர்களுக்கென்று உறுப்பினர்கள் போட்ட துயர்துடைப்பு நிதியில் மீதமுள்ள 4,300 வெள்ளியை வெள்ளிவிழாக் கச்சேரியின் மேடைச் செலவுக்கு மாற்றுவதாக முடிவு செய்திருக்கிறீர்கள். அதற்கு மேலேயே ஒற்றை வரி ஒன்று இருக்கிறது. சென்னை மிருதங்கக் கைவினைஞருக்கு உதவி கேட்டு வந்த விண்ணப்பம், அவர் “கலைஞர் அல்லர், பொருள் வழங்குபவர்” என்பதால் ஏற்கப்படவில்லை.

அந்த விண்ணப்பத்தை எழுதியது நான். அவர் கேட்டு எழுதவில்லை. கேட்கக்கூடிய ஆள் அவர் இல்லை என்பதால் அவரிடம் சொல்லாமலே எழுதினேன். குழுவுக்குத் தனியாக இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியும் அதே வரிதான் பதிலாக வந்தது. அதனால் இந்த மடலை எல்லா உறுப்பினரும் பெற்றோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பதினொரு ஆண்டாகச் சங்கத்தின் மிருதங்க வகுப்பில் கருவிப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சமூக மன்ற அறையைத் திறந்து பைகளை அவிழ்த்து, எதில் வார் தளர்ந்திருக்கிறது, எதன் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், சாதம் என்னும் கறுப்புப் பூச்சு உதிர்ந்திருக்கிறது என்று பார்த்து ஆசிரியரிடம் சொல்வது என் வேலை. சிங்கப்பூரின் ஈரக் காற்றுக்கும் அரங்கத்து ஏசிக்கும் நடுவில் தோல் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தவள் நான். நம்மிடம் உள்ள 14 மிருதங்கங்களில் 11 அந்தச் சென்னைக் கைவினைஞர் கையால் மூட்டு, அதாவது தோல்முகம், மாற்றப்பட்டவை. உங்கள் பிள்ளைகள் முதல் ‘தா தி தொம் நம்’ வாசித்தது அவர் இழுத்துக் கட்டிய தோலில்தான்.

அவர் யார் என்று செயற்குழுவில் இப்போது இருப்பவர்கள் பலருக்குத் தெரியாது. சொல்கிறேன்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை மழையை நான் விவரிக்க வேண்டியதில்லை. நம்மில் பாதிப் பேருக்கு அங்கே உறவு இருக்கிறது. அன்றிரவெல்லாம் எடுக்காத தொலைபேசிக்கு மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டிருந்தோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்த தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரை தாண்டி, சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கோட்டூர்புரம் வீடுகளுக்குள் ஏறியது. 1878இல் தொடங்கிய தி இந்து நாளிதழ், ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல், தன் வரலாற்றில் முதல்முறையாக மறுநாள் அச்சாகவில்லை. கச்சேரி சீசனான மார்கழி பிறக்க இரண்டு வாரம்தான் இருந்தது.

விமான நிலையம் திறந்த பிறகு, அடுத்த வாரமே நான் சென்னைக்குப் போனேன். நம் வகுப்பின் நான்கு மிருதங்கங்களுக்கு மூட்டு மாற்ற வேண்டியிருந்தது. அக்டோபரிலேயே அவரிடம் பேசி, முன்பணமும் கொடுத்திருந்தோம். ஜனவரியில் நமக்குப் பொங்கல் நிகழ்ச்சி.

மயிலாப்பூரில் அவர் பட்டறை இருந்த சந்துக்குள் நுழைந்ததுமே நாற்றம் அடித்தது. ஊறி அழுகிய தோலின் நாற்றம். வீட்டு வாசலில், எதிர்வீட்டுத் திண்ணையில், மாடிப்படிக்குக் கீழே என்று இடம் கிடைத்த இடமெல்லாம் மிருதங்கக் கட்டைகள் படுத்திருந்தன. தோலை அறுத்தெடுத்துவிட்டு வெறும் பலாமரக் கட்டையாக வைத்திருந்தார்கள். நான் எண்ணினேன், 37. ஒவ்வொன்றிலும் வாரின் மிச்சத்தில் ஒரு சீட்டு கட்டி, அதில் சொந்தக்காரர் பெயர் எழுதியிருந்தது. தண்ணீர் குடித்த கட்டையை அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடித்துவிடும், அப்புறம் அது விறகுதான். நிழலில் வைத்து, காலையும் மாலையும் புரட்டிப் போட்டு ஆற்ற வேண்டும். அவரும் அவர் மனைவியும் தம்பியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்தச் சீட்டுகளில் நமக்குத் தெரிந்த வித்வான்களின் பெயர் இரண்டோ மூன்றோ. மற்றதெல்லாம் யாருக்கும் தெரியாத பெயர்கள். முடிச்சூரில் இரண்டு அறை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். நாட்டிய வகுப்புகளுக்கு வாசித்து மாதம் தள்ளுபவர். ஜாபர்கான்பேட்டையிலிருந்து வந்த ஒருவர், பஜனைக்கு வாசிப்பவர், தன்னிடம் இருந்த ஒரே மிருதங்கத்தைத் தெருமுனைக் குப்பையிலிருந்து மூன்றாம் நாள் எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டு நின்றார். இவர்களுக்கெல்லாம் வருஷத்தில் கையில் காசு புரள்வது அந்த ஒரு மாதம்தான்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும், ஏனென்றால் அவர் கொடுத்தது எவ்வளவு என்பது இது தெரியாமல் புரியாது. மிருதங்கத்தின் மூட்டு என்பது கடையில் போய் வாங்கி மாட்டும் சாமான் இல்லை. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் காய வெயில் வேண்டும். எருமைத்தோலில் வார் அறுக்க வேண்டும். வலந்தலைக்குக் கறுப்புக் கல்பொடியைச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாகப் போட்டு, கூழாங்கல்லால் தேய்த்து, அது இறுகியபின் அடுத்த பூச்சு, மறுபடி தேய்ப்பு என்று மணிக்கணக்காகக் கை ஓட வேண்டும். அந்தக் கறுப்பு வட்டத்தில்தான் நாதம் இருக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை என்பதால், மார்கழிக்கு வேண்டிய தோலை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் புரட்டாசிக்குள் காயவைத்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். அவரும் வைத்திருந்தார். அந்தத் தோல் முழுவதும் முன்பணம் கொடுத்தவர்களுக்கென்று ஒதுக்கியது. வெள்ளத்துக்குப் பிறகு சந்தையில் காய்ந்த தோல் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்ததுதான் இருப்பு.

அந்த இருப்பை எடுத்து அவர் நனைந்த கட்டைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

என்னிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “உங்க நாலையும் தை மாசம் வாங்கிக்குங்கம்மா. உங்க பசங்களுக்கு ஞாயித்துக்கெழம கிளாஸ் தான். இவங்களுக்கு இந்த மாசம் ரெண்டு கச்சேரி போச்சுன்னா வருஷத்துக்கே வாடகை போச்சு.” நம் முன்பணத்தைத் திருப்பித் தரவும் கையில் எடுத்து வைத்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. பொங்கல் நிகழ்ச்சியை நினைத்து அரைநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த அரைநாளில் பார்த்ததுதான் இந்த மடலுக்குக் காரணம்.

ஒவ்வொருவராக வந்தார்கள். மிருதங்கத்தைக் கொடுப்பதற்கு முன் அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுப்பார். பெயர், வேலை, போட்ட தோல், வார் எல்லாம் வரிசையாக எழுதுவார். தொகை எழுத வேண்டிய இடத்தில் “பிறகு” என்று எழுதி மூடிவிடுவார். வந்தவர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கருவியை ஏந்திக்கொண்டு போவார். ஜாபர்கான்பேட்டைக்காரருக்கும் “பிறகு” தான், பெயர் தெரிந்த வித்வானுக்கும் “பிறகு” தான். கட்டை விரிந்து பயன்படாமல் போனவர்களுக்குத் தன் வீட்டிலிருந்த பழைய மிருதங்கங்களைச் சீர்செய்து, சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ளச் சொன்னார். அதையும் எழுதினார்.

2019இல் போனபோது அந்த நோட்டை நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். நான்கு ஆண்டுக்குப் பிறகும் ஏறக்குறைய எல்லா வரியிலும் “பிறகு” அப்படியே இருந்தது. வராத காசுக்கு எதற்கண்ணா கணக்கு என்று கேட்டேன். “எழுதி வச்சாத்தான்மா நிமிர்ந்து நின்னு வாங்கிட்டுப் போவாங்க. சும்மா வச்சுக்கோன்னு குடுத்தா வெக்கப்பட்டு அடுத்த வாட்டி வேற எடத்துக்குப் போயிடுவாங்க” என்றார். வாங்குகிறவர் கூசாமல் வாங்கவேண்டும் என்று இவ்வளவு யோசித்துக் கொடுத்த ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, இதற்கும் நம் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 2016 ஜனவரி கூட்டக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். பொங்கல் நிகழ்ச்சிக்கு ஏன் நான்கு மிருதங்கம் குறைவு என்று குழு என்னைக் கேட்டது. நான் மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். அப்போதைய தலைவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு தோல் வேலைக்காரர் இதைச் செய்யும்போது நாம் என்ன செய்தோம் என்று கேட்டு, தன் கையிலிருந்து 500 வெள்ளி எடுத்து வைத்தார். துயர்துடைப்பு நிதி தொடங்கியது அப்படித்தான். அந்த நிதிதான் இன்று அவருக்குத் தகுதியில்லை என்கிறது.

இடையில் அந்த நிதி நல்ல காரியங்கள் செய்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, இங்கே கோயில் திருவிழாவுக்கு வந்து வாசித்துப்போன தவில்காரர் ஒருவரின் வீட்டுமேல் மரம் விழுந்து தவில் நொறுங்கியது. புதுத் தவிலுக்குப் பணம் அனுப்பினோம். 2020இல் கோயில்களும் சபாக்களும் மூடிக் கிடந்தபோது ஐந்து பேருக்கு மாதாமாதம் அனுப்பினோம். எல்லாவற்றுக்கும் கை தூக்கியவள் நான், இன்றும் மகிழ்ச்சிதான். ஒன்று மட்டும் கேட்கிறேன். கஜாவுக்குப் பிறகு நாம் அனுப்பிய அந்தப் பணம் கடைசியில் போய்ச் சேர்ந்தது ஒரு தவில் செய்பவர் கையில்தானே? அன்று அது உதவியாக இருந்தது. செய்பவர் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்தபோது மட்டும் ஏன் அது விதிக்கு வெளியே போகிறது?

இனி 2023. மயிலாப்பூர் வாடகை கட்டுப்படியாகாமல் அவர் சில ஆண்டுக்கு முன்பே பள்ளிக்கரணைப் பக்கம் போய்விட்டார். சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி, தாழ்வான தெரு, கீழ்த்தளத்தில் வீடும் பட்டறையும். டிசம்பர் 3 இரவு மிக்ஜாம் புயல் மழை பிடித்தது. நான்காம் தேதி விடிவதற்குள் தெருவில் முழங்கால் தண்ணீர். சீசனுக்கு முந்தைய நாட்கள் என்பதால் பட்டறை நிறைய அடுத்தவர் கருவிகள். நம்முடையவை மூன்றும் அங்கே இருந்தன.

அந்த மூன்றும் நனையவில்லை. ஜனவரியில் ஒரு பெற்றோர் ஊரிலிருந்து எடுத்துவந்து கொடுத்தார். உறையைத் திறந்தேன், வாரில் ஒரு சீட்டு: “சிங்கப்பூர் – மாடி.” தண்ணீர் ஏற ஏற, அவரும் மகனும் மேல்மாடிக்காரரை எழுப்பி, வாசிப்பவர்களின் கருவிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு படியேறியிருக்கிறார்கள். 22 மிருதங்கம் ஏறின. அதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. கீழே நின்றது அவருடையது. காயவைத்து அடுக்கிய தோல் முழுவதும், கடன் வாங்கி எடுத்த பலாக்கட்டைகள், கல்பொடி மூட்டை, அப்பா காலத்து உளிகள், பாய், படுக்கை, அரிசி. தண்ணீர் வடிய நாட்கள் ஆயின. அறுபதைத் தாண்டிய மனிதர், சேற்றுத் தண்ணீரில் நின்று காலில் புண் வந்து ஒரு மாதம் உட்கார்ந்து வேலை செய்ய முடியவில்லை. மிருதங்கக்காரரும் சரி, மிருதங்கம் செய்பவரும் சரி, சம்மணமிட்டு உட்கார முடியாவிட்டால் வருமானம் இல்லை.

இதெல்லாம் அவர் மகனிடமிருந்து, நானாகத் தோண்டித் தோண்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அவர் தொலைபேசியில் சொன்னது, “உங்க மூணும் பத்திரமா இருக்கும்மா, சாதம் மட்டும் ஒருவாட்டி பாத்துக்குங்க” என்பதுதான்.

இப்போது உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

இழப்புக்கு ரசீது இல்லை, தொழில் பதிவு இல்லை என்று செயலாளர் எழுதியிருந்தார். தோல் வாங்குவது ரொக்கத்துக்கு, பலாக்கட்டை வாங்குவது வாய்ப்பேச்சில். அந்தத் தொழில் அப்படித்தான் நடக்கிறது. அவரிடம் இருந்த ஒரே கணக்கு அந்த நோட்டுகள். அவை பட்டறை அலமாரியில் இருந்தன, தண்ணீரோடு போய்விட்டன. நம்மிடம் காட்ட வேண்டிய காகிதத்தைப் பத்திரப்படுத்த அவருக்கு நேரம் இல்லை, ஏனென்றால் நம் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். காகிதம் வேண்டுமென்றால் அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது. சாட்சி வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். அவரிடம் அந்த மார்கழியில் “பிறகு” என்று வாங்கிப்போனவர்களில் இருவர் கையெழுத்திட்டுக் கடிதம் தந்திருக்கிறார்கள். ஒருவர் நம் ஆண்டுவிழாவுக்கு இரண்டு முறை வந்து வாசித்தவர். கடிதங்களை விண்ணப்பத்தோடு இணைத்திருந்தேன். அவற்றைப் பற்றிக் கூட்டக் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதில் சட்டச் சிக்கல் வரும் என்றும் ஒரு பேச்சு எழுந்ததாகக் கேள்விப்பட்டேன். வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அனுமதி வாங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும், அந்தக் கட்டுப்பாடு நல்லதுதான். நான் புது வசூல் கேட்கவில்லை. உறுப்பினர்கள் ஏற்கெனவே இதற்கென்று போட்ட பணம் இது. கஜாவுக்கும் கொரோனாவுக்கும் எந்த வழியில் அனுப்பினோமோ அந்த வழி இன்றும் இருக்கிறது. ஐயம் இருந்தால் உரிய அதிகாரிகளிடம் எழுதிக் கேளுங்கள், அந்த வேலையை நானே செய்துதருகிறேன்.

அவர் கலைஞர் அல்லர் என்ற காரணம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

பாலக்காடு மணி ஐயரின் பெயரை நம் வகுப்பில் எல்லாப் பிள்ளையும் சொல்லும். 1966இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர், அந்த விருதைப் பெற்ற முதல் மிருதங்க வித்வான். அவர் மிருதங்கத்தின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தம், இன்னும் கொஞ்சம் மென்மை என்று ஒருவர் கேட்க, மற்றவர் தோலைக் கழற்றி மறுபடி கட்ட, இருவரும் சேர்ந்து தேடியது அந்த நாதம். செய்பவருக்கும் சுருதி கேட்கும் காது வேண்டும், கல்லாலும் புள் என்ற மரத்துண்டாலும் எங்கே தட்டினால் தோல்விளிம்பில் எந்தக் கண்ணின் சுருதி ஏறும் என்று தெரிய வேண்டும். நம் ஆசிரியரே சென்னைக் கைவினைஞரிடம் தொலைபேசியில் ‘தொம்’ வாசித்துக் காட்டி, என்ன குறை என்று கேட்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அவர் கேட்டுவிட்டு, இடப்பக்கத் தோலான தொப்பியில் ஒட்டும் ரவையைக் குறைக்கச் சொல்வார். குறைத்தால் சரியாகிவிடும். இதைச் செய்பவரை எந்த அகராதியை வைத்துப் பொருள் வழங்குபவர் என்கிறீர்கள்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மிருதங்கத்துக்குத் தோல் கட்டும் குடும்பங்களில் பெரும்பாலானவை எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவை, அவர்களை எத்தனை வீடுகளில் எத்தனை காலம் வாசற்படிக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்தார்கள் என்பது இசை தெரிந்த எல்லாருக்கும் தெரியும். மாட்டுத்தோல் தொட்ட கையிலிருந்து கருவியை வாங்கிப் பூஜை அறையில் வைத்தார்கள், அந்தக் கையை உள்ளே விடவில்லை. நம் குழுவில் யாரும் அந்த எண்ணத்தோடு இந்த வரியை எழுதவில்லை, அதை நான் உறுதியாக நம்புகிறேன். ஆனாலும் கலைஞர் உள்ளே, கருவி செய்பவர் வெளியே என்று நம் விதி சொல்லும்போது அது அதே வாசற்படியில்தான் போய் நிற்கிறது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தப் படியை நாம் காட்டவேண்டாம்.

இந்த ஊர் நமக்குக் கற்றுக்கொடுத்ததும் வேறு. 2020 டிசம்பரில் நம் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது எவ்வளவு பெருமைப்பட்டோம்! விடியற்காலை மாவு பிசைகிறவரும் குழம்பு கிளறுகிறவரும் பண்பாட்டைச் சுமப்பவர்கள் என்று நாடே சொன்னது. தேக்காவில் பூக் கட்டுகிறவரைப் பார்க்கும்போதும் நமக்கு அந்த மரியாதை வருகிறது. தமிழ்நாட்டில் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது யார் கைக்குக் கிடைத்தது? ஆச்சா மரத்தைக் கடைந்து துளையிடுகிற கைக்குத்தான்.

வெள்ளிவிழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 25 ஆண்டு ஒரு சங்கத்தை நடத்துவது எத்தனை பேரின் வார இறுதிகளைத் தின்றது என்று எனக்குத் தெரியும், அவற்றில் என்னுடையவையும் உண்டு. ஆனால் மேடை விளக்குக்கும் பின்திரைக்கும் பணம் வேண்டுமென்றால் அதற்கு நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள், நுழைவுச்சீட்டு இருக்கிறது. வெள்ளத்தில் நனைந்தவர்களுக்கென்று போட்ட காசு அது. அந்த மேடையில் நம் பிள்ளைகள் வாசிக்கப்போகிற மிருதங்கங்களில் மூன்று, அவர் வீடு மூழ்கும்போது மாடி ஏறியவை.

ஆகவே நான் கேட்பவை இவை. துயர்துடைப்பு நிதியின் மீதத்தை வெள்ளிவிழாவுக்கு மாற்றும் முடிவை உடனே நிறுத்தி வையுங்கள், அது ஒரு செயற்குழுக் கூட்டத்தில் முடிக்கிற விஷயம் இல்லை. உறுப்பினர் பொதுக்கூட்டத்தில் வைத்து வாக்கெடுங்கள். சென்னைக் கைவினைஞரின் விண்ணப்பத்தை மறுபடி எடுத்து, ரசீது இல்லை என்பதைக் காரணமாக்காமல், கடிதங்களையும் என் சாட்சியத்தையும் வைத்து முடிவு செய்யுங்கள். தோலும் வாரும் கட்டையும் வாங்கி வேலையைத் தொடங்க 3,000 வெள்ளி போதும் என்று அவர் மகனிடம் பேசிக் கணக்குப் போட்டிருக்கிறேன், தாள் இணைப்பில் இருக்கிறது. மார்கழிக்கான தோல் காயவேண்டுமானால் அந்தப் பணம் ஆடிக்குள் அவர் கைக்குப் போகவேண்டும்.

நிதியின் விதியில் “கலைஞர்” என்று இருக்கும் இடத்தில் “இசைக்கருவி செய்பவர், பழுது பார்ப்பவர் உட்பட” என்று சேருங்கள். திருத்த வாசகத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன், நீங்கள் மாற்றி எழுதினாலும் எனக்குச் சம்மதம். கூட்டக் குறிப்பில் உள்ள “பொருள் வழங்குபவர்” என்ற சொல்லை நீக்கித் திருத்திய குறிப்பை அனுப்புங்கள். அவர் மகனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், நம் குறிப்புகள் எப்படியும் ஊருக்குப் போய்ச் சேர்கின்றன.

இன்னொன்று, இது நிதியில்கூடச் சேராது. நவம்பரில் கொடுத்த அந்த மூன்று மிருதங்க வேலைக்கு மீதிக் கூலி இன்னும் போகவில்லை. பில் வரவில்லை என்று பொருளாளர் சொல்கிறார். பில் எழுதும் நோட்டு தண்ணீரில் போய்விட்டது. அந்தக் கூலியை இந்த வாரமே அனுப்புங்கள். எவ்வளவு என்று அவரிடம் நான் கேட்டேன். “பிறகு பாத்துக்கலாம்மா” என்றார். எனவே சென்ற முறை கொடுத்த கூலியை வைத்து நான் தொகையைக் குறித்துப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 14க்கு முன் எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு வழக்கம்போல் கருவி அறையைத் திறப்பேன். குழுவில் யார் வந்தாலும் அந்தச் சீட்டையும் மூன்று மிருதங்கங்களையும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கருவிப் பொறுப்பில் இருக்கும் உறுப்பினர்
சிங்கப்பூர், 2024 மார்ச்